பெலும், போரா குகைகளில் படம் எடுக்க: ஃபிளாஷை எங்கே வைப்பது?

#1 வழிப்போக்கன்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் நண்பர்கள் நாலு பேர் ஆந்திரா பக்கம் கிளம்புகிறோம். முதலில் பெலும் குகை. அங்கிருந்து விசாகப்பட்டினம் போய், அரக்கு ரயிலில் போரா குகை.

இணையத்தில் இந்த இரண்டு இடத்துப் படங்களையும் தேடிப் பார்த்தேன். பாதிப் படம் முழுக்க மஞ்சள், மீதி சிவப்பும் பச்சையும் நீலமும். ஃபிளாஷ் போட்டு எடுத்தவை வெள்ளை வெளேரென்று தட்டையாக இருக்கின்றன. கல் உண்மையில் என்ன நிறம், எவ்வளவு ஆழம், எது முன்னால் எது பின்னால் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

என்னிடம் இருப்பது ஒரு கிராப் சென்சார் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு வெளி ஃபிளாஷ், சின்ன முக்காலி. இதை வைத்து உருப்படியாக எடுக்க முடியுமா? ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) ஏற்றிக் கையிலேயே எடுப்பதா, ஃபிளாஷ் போடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 மலைமுகடு

தம்பி, இருக்கிற சாமான் தாராளமாகப் போதும். ஒன்றே ஒன்று: ஃபிளாஷை கேமரா தலையில் மாட்டாதீர்கள். இருபது ஆண்டுகளாகக் குகைகளில் எடுத்துவருகிறேன், யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

வெளியே எடுக்கும்போது வானம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, எங்கிருந்தாவது வெளிச்சம் தெறித்து வந்து நிழலைக் கொஞ்சம் நிரப்பும். குகைக்குள் அதெல்லாம் கிடையாது. நாம் கொண்டுபோகும் வெளிச்சம் மட்டும்தான். அது லென்ஸ் இருக்கும் திசையிலிருந்தே போனால், விழுகிற நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் உருவமும் தெரியாது. நீங்கள் பார்த்த தட்டைப் படங்களுக்குக் காரணம் இதுதான். போதாததற்கு உள்ளே காற்றில் ஈரம் அதிகம். லென்ஸுக்குப் பக்கத்தில் மிதக்கும் நுண்துளிகளில் ஃபிளாஷ் பட்டுத் திரும்பி, படமெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாக விழும்.

ஆகவே ஃபிளாஷை நண்பர் ஒருவர் கையில் கொடுங்கள். தள்ளியிருக்கும் ஃபிளாஷைக் கேமராவிலிருந்தே அடிக்கவைக்கும் ரேடியோ டிரிக்கர் விலை இப்போது பெரிதில்லை. தரையிலிருந்து எழும் கல்முளைக்குப் பக்கவாட்டில் நின்று அடிக்கச் சொல்லுங்கள். மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் புடைப்பும் எழுந்து வரும். அப்புறம் அவரையே கல்லுக்குப் பின்னால் மறைந்து நின்று கேமராவை நோக்கி அடிக்கச் சொல்லுங்கள். கூரையிலிருந்து திரைச்சீலை மடிப்பாகத் தொங்கும் மெல்லிய படிவங்கள் இருக்குமே, அவற்றை எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. பச்சை அப்பளத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒளி ஊடுருவி, வெள்ளையும் பழுப்புமாக உள்ளே ஓடும் பட்டைகள் தெரியும். முன்னால் இருந்து அடித்தால் அதே மடிப்பு சாதாரணச் சுவர்.

இரண்டு குகையையும் ஒரே மாதிரி எடுக்க நினைக்காதீர்கள். பெலும் நீளவாட்டுக் குகை. அளந்த நீளம் 3,229 மீட்டர், மக்கள் நடக்க விட்டிருப்பது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். பழங்கால நீரோட்டம் கல்லைக் கரைத்து வழவழப்பாக அறுத்த பாதைகள்தான் அதன் அழகு. தொங்கும் விழுதுகள் அங்கங்கேதான் உண்டு. அங்கே 18 மில்லிமீட்டரில் வைத்து, பாதை வளையும் இடத்துக்கு அப்பால் ஆளை ஃபிளாஷோடு நிறுத்துங்கள். வெளிச்சம் மூலையைத் தாண்டி வழிந்து வரும்போது சுவரின் வளைவு முழுசாகக் கிடைக்கும்.

போரா வேறு ரகம். பெரிய கூடங்கள், ஏறத்தாழ 80 மீட்டர் ஆழம், விழுதும் முளையும் நிறைய. வாசல் அகலமானது, கூரையில் திறப்பும் உண்டு என்பதால் பகல் வெளிச்சம் கொஞ்சதூரம் உள்ளே வரும். அங்கே கட்டாயம் ஓர் ஆளைச் சட்டகத்துக்குள் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அந்தக் கூடம் ஆள் உயரமா அடுக்குமாடி உயரமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

#3 நிலாமுற்றம்

இவ்வளவு எதற்கு? இப்போதைய போன்களில் நைட் மோடு அருமையாக வருகிறதே. போன வருடம் பெலும் போனபோது எல்லாம் போனில்தான் எடுத்தேன். குடும்பத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

#4 மலைமுகடு

நைட் மோடு நன்றாகத்தான் வேலை செய்யும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே போட்டு வைத்த விளக்கை அது துல்லியமாகப் பதிவு செய்யும், அவ்வளவே. வெளிச்சம் வரும் திசையை அதனால் மாற்ற முடியாது. தம்பி கேட்டிருப்பது அதைத்தான். போனிலும் வழி உண்டு. கம்பியில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு நண்பர் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிக்கட்டும். வித்தியாசம் அங்கேயே தெரியும்.

#5 முக்காலி

நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

சுற்றுலாக் குகைகளில் சோடியம் விளக்குக்குக் கீழே எடுத்த படத்தை ரா கோப்பாகவே (கேமரா திருத்தாத மூலப் பதிவு) வைத்திருந்தாலும் ஒயிட் பேலன்ஸ் என்ற நிறத் திருத்தம் கொண்டு மீட்க முடியாது. அந்த வெளிச்சத்தின் பெரும்பகுதி 589 நானோமீட்டரைச் சுற்றிய மஞ்சள். நீலமும் பச்சையும் கல்மீது விழவே இல்லையென்றால், கல் அவற்றை எப்படித் திருப்பி அனுப்பும்? சிவப்பு, பச்சை எல்இடி விளக்குகளும் இதே கதைதான். அதிலும் சிவப்பு விளக்கில் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்துவிடும், மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருப்பதாகக் காட்டும். சேனல் வாரியாகப் பார்த்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எடுங்கள்.

உண்மையான நிறம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. ஷட்டரை 1/200 நொடி வைத்து, லென்ஸ் திறப்பு எஃப்/5.6, ஐஎஸ்ஓ 200இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். குகை விளக்குகளின் வெளிச்சம் அதில் ஏறக்குறைய காணாமல் போய்விடும், படம் கறுப்பாக இருக்கும். இப்போது அதே அமைப்பில் பக்கவாட்டு ஃபிளாஷ். படத்தில் இருப்பது ஃபிளாஷின் வெள்ளை வெளிச்சம் மட்டும். ஷட்டர் வேகம் சுற்றுவெளிச்சத்தை ஆளும், ஃபிளாஷை அது தொடாது. விளக்கு பல்பு நேராகச் சட்டகத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்படி எடுத்த படத்தில்தான் கல் பேசும். இந்தப் படிவங்களின் கனிமமான கால்சைட் சுத்தமாக இருந்தால் வெள்ளை. இரும்பு கலந்தால் ஆரஞ்சும் பழுப்பும். மாங்கனீசு படிந்த இடம் கறுப்பு. விளக்குக்குப் பக்கத்தில் மட்டும் பச்சையாக ஏதாவது தெரிந்தால் அது பாசி. விளக்கின் வெளிச்சத்தையும் சூட்டையும் நம்பி வளர்ந்தது, குகைக்குச் சொந்தமில்லாதது.

#6 நிலாமுற்றம்

முக்காலி சொல்வது தொழில்நுட்பமாகச் சரி. ஆனாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நாம் போய்ப் பார்ப்பது அந்த மஞ்சள் வெளிச்சத்தில்தான். அந்த விளக்குகளுக்கு நடுவே நடந்த அனுபவத்தைக் காட்டுவதும் உண்மைதானே? விளக்கையெல்லாம் அழித்துவிட்டு ஃபிளாஷ் வெள்ளையில் எடுத்தது எப்படி அதைவிட உண்மையாகும்?

#7 முக்காலி

நியாயமான கேள்வி. பயணப் படம் என்றால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், விளக்கோடு எடுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் இழையைத் தொடங்கியவர் கல்லின் நிறத்தைக் கேட்டிருக்கிறார். மஞ்சள் விளக்கு அதைச் சொல்லாது. இரண்டையும் எடுத்து வையுங்கள், தலைப்பில் எது எப்படி எடுத்தது என்று எழுதிவிடுங்கள்.

#8 புவியியல் டீச்சர்

இழையை ஆசையாகப் படித்தேன். பள்ளியில் கல்விழுது, கல்முளை நடத்தும்போது பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல படம் கிடைப்பதே பெரும்பாடு. எடுக்கப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனித்து எடுத்தால் எங்களுக்கும் உதவும்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தபடி இறங்கிக் குகைக் கூரையில் துளியாக நிற்கிறது. குகைக் காற்றில் அந்த வாயு மண்ணில் இருந்ததைவிடக் குறைவு. எனவே துளியிலிருந்து அது வெளியேறும், வெளியேறியதும் கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சைட்டாகப் படியும். தண்ணீர் வற்றிப் படிகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஈரம் நிறைந்த குகைகளில் வற்றுவதற்கு அவ்வளவு வேலை இல்லை, வாயு வெளியேறுவதுதான் முக்கியம்.

கூரையில் துளி நிற்கும்போது அதன் ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் படியும். வளையத்தின் மேல் வளையமாக இறங்கினால் உள்ளே துளையுள்ள ஒரு குழாய். அதன் விட்டம் துளியின் விட்டமேதான், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். துளை அடைபட்டால் தண்ணீர் வெளிப்பக்கமாக வழிந்து, நாம் படத்தில் பார்க்கும் கூம்பு வடிவ விழுதாகிறது. கீழே விழும் துளி சிதறுவதால் கல்முளையின் தலை மழுங்கலாகவும் சில நேரம் சின்னக் குழியோடும் இருக்கும். கூர்முனையையும் மழுங்கல் தலையையும் ஒரே சட்டகத்தில் வைத்து, நடுவே துளி விழும் இடைவெளியோடு யாராவது எடுத்துக்கொடுத்தால் ஒரு வகுப்பை அந்த ஒரே படத்தில் நடத்திவிடுவேன்.

தயவுசெய்து தொடாதீர்கள், படத்துக்காகச் சாய்ந்துகூட நிற்காதீர்கள். விழுதின் வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும், பல இடங்களில் அதுவும் இல்லை. கை எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது, படிவு நின்றுபோகும், அழுக்கும் தங்கிவிடும். ஒரு குகையில் வழிகாட்டியாக வந்தவரே விழுதைத் தட்டி ஓசை எழுப்பிக் காட்டினார், கூட்டம் வரிசையாக நின்று தட்டியது. எனக்குத் தாங்கவில்லை.

#9 ஈப்போ வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குன்றுகள்தான். கோப்பெங் பக்கத்தில் இருக்கும் குவா தெம்புருங் குகைக்கு அடிக்கடி போவேன். உள்ளே ஆறு ஓடும், நீண்ட சுற்றில் போனால் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஊர்ப் பாடம் ஈரம். ஏசி காரிலிருந்து இறங்கிக் கேமராவை நேராகக் குகைக்குள் எடுத்தால் லென்ஸ் உடனே பூத்துவிடும், துடைத்தாலும் மறுபடி பூக்கும். கடைசி ஒரு மணி நேரப் பயணத்தில் ஏசியை நிறுத்திவிடுங்கள், முடியாவிட்டால் பையைக் காரின் பின்பெட்டியில் வையுங்கள். கேமரா சுற்றியிருக்கும் காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறங்கள். பெலும் உள்ளே புழுக்கம் அதிகம் என்று போய்வந்த உறவினர் சொன்னார், காற்று உள்ளே தள்ள மின்விசிறி வைத்திருக்கிறார்களாம். ஆகவே இது உங்களுக்கும் பொருந்தும். உள்ளே லென்ஸ் மாற்ற வேண்டாம். ஷட்டரை அழுத்தும்போது மூச்சைப் பக்கவாட்டில் விடுங்கள், நேரே விட்டால் ஆவி சட்டகத்துக்குள் போகும்.

பத்துமலைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 272 படி ஏறியதும் வரும் கோயில் குகையில் கூரை திறந்திருப்பதால் வெயில் இறங்கும். அங்கே ஃபிளாஷே வேண்டாம். முக்காலியில் வைத்து வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று வேறுவேறு எக்ஸ்போஷரில் எடுத்து ஒட்டுங்கள். சாமி கும்பிட வருகிறவர்களின் வழியில் மட்டும் முக்காலியை விரிக்காதீர்கள்.

வௌவால் கூட்டமாகத் தொங்கும் இடத்தை எந்தக் குகையிலும் ஃபிளாஷ் அடித்து எடுக்க வேண்டாம். பகலில் கலைத்தால் அவற்றுக்கு வீண் அலைச்சல், குட்டி இருக்கும் காலத்தில் குட்டி கீழே விழும்.

#10 வழிப்போக்கன்

நன்றி, நன்றி. நினைத்ததைவிட எவ்வளவோ அதிகமாகக் கிடைத்துவிட்டது. ஒரு சந்தேகம். போராவின் பெரிய கூடத்துக்கு என் ஒரே ஃபிளாஷ் எட்டுமா? பெட்டியில் கைடு நம்பர் 36 என்று போட்டிருக்கிறது.

#11 மலைமுகடு

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைடு நம்பரை எஃப் எண்ணால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100இல் எட்டும் தூரம் மீட்டரில் வரும். 36ஐ 8ஆல் வகுத்தால் நாலரை மீட்டர். ஐஎஸ்ஓ 400 வைத்தால் தூரம் இரட்டிப்பு, 9 மீட்டர். எஃப்/5.6க்குத் திறந்தால் ஏறக்குறைய 13. ஆனால் பெட்டியில் போடும் எண் பெரும்பாலும் ஃபிளாஷ் தலையை ஜூம் செய்து அளந்தது. அகலக் கோணத்துக்கு வைத்தால் குறையும். எனவே கணக்கில் வருவதில் மூன்றில் ஒரு பங்கையாவது கழித்துக்கொள்ளுங்கள்.

தூரம் என்றால் ஃபிளாஷிலிருந்து கல்லுக்கு. கேமராவிலிருந்து அல்ல. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நீங்கள் 30 மீட்டர் தள்ளி நிற்கலாம், நண்பர் கல்லுக்கு 5 மீட்டரில் நின்று அடித்தால் சரியாக வரும்.

முழு இருட்டான குகையில் பல்ப் மோடில் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவர் இடம் மாறி மாறி ஃபிளாஷ் அடித்துக்கொண்டே போகலாம். ஒரே இடத்தை நாலு முறை அடித்தால் இரண்டு ஸ்டாப் கூடும், அதாவது இரட்டிப்புத் தூரம். இது பழைய வித்தை. 1866இல் சார்லஸ் வால்டாக் என்பவர் அமெரிக்காவின் கெண்டக்கியில் உள்ள மாமத் குகையை மக்னீசியத்தை எரித்த வெளிச்சத்தில் படம்பிடித்தார். ஈரத் தகட்டுக் காலம் அது. தகட்டைப் பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும், கூடவே மக்னீசியப் புகை வேறு கூடத்தை மூடிவிடும்.

போராவில் பல்ப் மோடு சரிப்படாது, திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் குகை விளக்கு சேர்ந்துகொண்டே இருக்கும். கேமரா முக்காலியை அசைக்காமல், #5இல் நண்பர் முக்காலி சொன்ன 1/200 அமைப்பில், நண்பரை இடம் மாற்றி மாற்றி நிறுத்தி ஐந்தாறு தனித்தனிப் படம் எடுங்கள். வீட்டில் கணினியில் அடுக்காக வைத்து லைட்டன் முறையில் சேர்த்தால் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் பட்ட பகுதி மட்டும் வரும். பிடிக்காத வெளிச்சத்தை விட்டுவிடலாம் என்பது கூடுதல் வசதி.

ஃபோகஸ் தானாகப் பிடிக்காது. தலை விளக்கைக் கல்லின் ஓரத்தில் அடித்து, திரையைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்துவிட்டு அப்புறம் அந்த வளையத்தைத் தொடாதீர்கள்.

#12 நிலாமுற்றம்

ஐந்தாறு படத்துக்கு ஃபிளாஷ் அடித்துக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? குழந்தைகளோடு, வயதானவர்களோடு வழுக்கும் படியில் இறங்குகிறவர் கண்ணில் அது பட்டால் கால் தவறிவிடும். என் அம்மாவைக் கூட்டிப்போனவள் என்ற முறையில் சொல்கிறேன்.

#13 மலைமுகடு

நிலாமுற்றம் சொல்வது முற்றிலும் சரி. திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விட வேண்டும், விடுமுறை நாளைத் தவிர்க்க வேண்டும். படிக்கட்டில் ஆள் இருந்தால் அடிக்கக் கூடாது. அடிக்கும் முன் குரல் கொடுக்க வேண்டும். முக்காலிக்கு அனுமதி உண்டா என்று டிக்கெட் வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். இல்லை என்றால் வாதாட வேண்டாம், கைப்பிடிக் கம்பியில் கேமராவை ஊன்றி எடுங்கள்.

#14 முக்காலி

ஒரு சின்ன விஷயம், கேமரா இல்லாமலே செய்து பார்க்கலாம். விளக்கு எட்டாத, ஆள் இல்லாத மூலையில் வெள்ளைக் கால்சைட் படிவம் கிடைத்தால் அதன் அருகே ஃபிளாஷைப் பிடியுங்கள், தொடாமல். எல்லோரும் தலை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடுங்கள். ஃபிளாஷ் அடித்த மறுகணம் கண்ணைத் திறங்கள். கல் தானாக ஒளிரும், வெளிர் நீலமாகவோ பச்சை கலந்தோ, ஒரு நொடி இரண்டு நொடிதான், மெல்ல மங்கி அணையும். கால்சைட்டுக்குள் மாட்டிக்கொண்ட மண்ணின் கரிமப் பொருள்தான் பெரும்பாலும் காரணம் என்கிறார்கள். எல்லாக் கல்லும் ஒளிராது. இதுவரை இதைப் படத்தில் திருப்தியாகப் பிடித்தவர் யாராவது இருந்தால் அமைப்பைச் சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

#15 கரடிப்பாறை

மேகாலயாவில் வேலை பார்க்கிறேன். இங்கே சோஹ்ரா (சிரபுஞ்சி) பக்கம் மௌஸ்மாய் குகைக்கு விளக்கு, பாதை எல்லாம் உண்டு, யாரும் போகலாம். அது போக, விளக்கே இல்லாத குகைகள் ஏராளம். சிலவற்றில் வைக்கோல் கனத்தில் குழாய் விழுதுகள் கூரை முழுக்க. நல்ல படங்கள் வைத்திருக்கிறேன், இங்கே போடட்டுமா? எந்த ஊர், எப்படிப் போவது என்பதையும் எழுதினால் ஆர்வமுள்ளவர்களுக்கு உதவும்.

#16 புவியியல் டீச்சர்

படத்தை அவசியம் போடுங்கள் ஐயா. வழியை எழுத வேண்டாம் என்பது என் கருத்து. மேகாலயாவின் மௌம்லு குகையில் கிடைத்த ஒரு கல்முளையை ஆராய்ந்துதான் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலவீனப்பட்டதைப் பார்த்தார்கள். 2018இல் புவியின் காலக் கணக்கில் ஒரு காலகட்டத்துக்கே மேகாலயன் என்று பெயர் வைத்தது அதை வைத்துத்தான். அப்படி ஒரு பதிவு எந்தக் கல்லுக்குள் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காவல் இல்லாத குகையில் ஒருவர் ஞாபகத்துக்கு உடைத்து எடுத்துப் போனால் கேட்க ஆளில்லை.

#17 கரடிப்பாறை

ஆனால் மறைத்து வைத்தால் மட்டும் காப்பாற்றிவிட முடியுமா? இங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் இருக்கின்றன. ஒரு குகை இருப்பதே நாலு பேருக்குத் தெரியாவிட்டால், அது போனாலும் யாருக்கும் தெரியாது. படம்தான் சாட்சி.

#18 மலைமுகடு

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் கடைப்பிடிப்பது: மாவட்டம் வரை எழுதுவேன், அதற்குக் கீழே எழுத மாட்டேன், கோப்பிலிருந்து ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுவேன். உள்ளூர்ப் பெரியவர்களிடமும் குகை ஆய்வுக் குழுவினரிடமும் படத்தின் பிரதி ஒன்று இருக்கும்படி செய்வேன். சாட்சி இருக்கும், வழி இருக்காது.

கரடிப்பாறை, அந்தக் குழாய் விழுதுப் படங்களைக் கட்டாயம் போடுங்கள். எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

#19 வழிப்போக்கன்

டீச்சர் கேட்ட படத்தை, விழுதின் கூர்முனையும் முளையின் தலையும் ஒரே சட்டகத்தில், போராவில் எடுக்க முயல்கிறேன். விழும் துளியும் அதில் வேண்டுமென்றால் என்ன செய்வது?

#20 முக்காலி

ஃபிளாஷ் சக்தியை 1/32க்குக் குறையுங்கள். சக்தி குறைந்தால் மின்னும் நேரமும் குறையும், பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி என்ற அளவுக்கு வரும், துளி அசையாமல் நிற்கும். சக்தி குறைவு என்பதால் ஃபிளாஷைக் கல்லுக்கு ஒரு மீட்டருக்குள், பின்பக்கம் சாய்வாக வைக்க வேண்டும். பின்னொளி இல்லாவிட்டால் துளி கண்ணுக்கே தெரியாது. 55 மில்லிமீட்டர், எஃப்/8, ஐஎஸ்ஓ 400. துளி விழும் இடைவெளியை முதலில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் வேகமாகச் சொட்டும், கோடையில் ஒரு துளிக்கு வெகுநேரம் காத்திருக்க நேரும். பேட்டரி இரண்டு செட் எடுத்துப் போங்கள்.